‘மூ’ என்று தொடங்கிய சொல்

அந்தக் கருவி பள்ளிக்கூட அளவுகோல் அளவுக்குத்தான் இருக்கும். கறுப்பு நிறம். மடிக்கணினித் திரைக்கு அடியில் ஒட்டிவைத்து, அதன் வயரை யுஎஸ்பி துளையில் சொருகினால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். எதிரே இருப்பவரின் கருவிழியை அது பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கண் எந்த எழுத்தின் மேல் நிலைத்து நிற்கிறதோ அந்த எழுத்து திரையில் விழும். எழுத்துகள் சொல்லாகும். சொல்லைக் கணினி வாய்விட்டுப் படிக்கும்.

என் அண்ணனுக்கு அது வேண்டியிருந்தது. நான் சொருகினேன். விளக்கு எரிந்தது. மூச்சு விடுவதற்குள் அணைந்தது. பிடுங்கிச் சொருகினேன். எரிந்தது, அணைந்தது. அந்தச் சாரல் பருவத்தில் பெரும்பாலான நாட்கள் எனக்கு இப்படித்தான் போயின.

அண்ணன் காவல்துறையில் இருந்தவன். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அவனுக்கு அருவிக் காவல். மலையில் மழை வலுத்துத் தண்ணீர் கலங்கி வந்தால், குளித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை உடனே வெளியேற்ற வேண்டும். ஒலிபெருக்கி கையில் கொடுத்திருப்பார்கள். அவன் அதை வாய்க்குக் கொண்டுபோனதே இல்லை. “ஏலே, மேல ஏறுங்கலே! வெள்ளம் வருது, ஏறுங்கலே!” என்று ஒரு சத்தம் போடுவான். அருவியின் இரைச்சலுக்கு மேலே அது கேட்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவன்கூட அப்படியே ஓடி வருவான்.

முதலில் நாக்குதான் தடித்தது. சொற்கள் குழறின. பணியில் நிற்கும்போது ஒரு மேலதிகாரி அவனை ஓரமாகக் கூப்பிட்டு, ஊதிக் காட்டச் சொன்னார். குடிப் பழக்கமே இல்லாதவன் அவன். ஊதிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதான். பிறகு வலது கை போனது. அப்புறம் கால்கள். திருநெல்வேலியில் நரம்பு மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொல்லி விளக்கினார். தசைகளுக்குக் கட்டளை போவது ஒவ்வொன்றாக நின்றுபோகும், அறிவு மட்டும் அப்படியே இருக்கும் என்றார். “கண்ணு அசையும்மா. கண்ணு கடைசி வரைக்கும் அசையும்.” அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதன் பிறகுதான் நான் சென்னையை விட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு தென்காசிக்கு வந்தேன். வீட்டில் அண்ணன், மதினி, நான். மூன்று பேர். வீடு குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. முன்னறையில் ஜன்னலோரம் அண்ணனின் கட்டில். சீசன் காலத்தில் வெளியூர் வண்டிகள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும். அவன் கண்ணை அந்தப் பக்கம் ஓட்டிப் பார்த்துக்கொண்டு கிடப்பான். நான் அதே அறையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். என் வேலை, மென்பொருளில் சிக்கல் என்று கூப்பிடுகிற வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்வது. நாள் முழுக்க “கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் பேசுவதற்கு மதினி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஆமாம் என்றால் அவன் இமையை ஒரு தரம் மூடித் திறப்பான். இல்லை என்றால் கண்ணை மேலே தூக்குவான். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மதினி பக்கத்தில் உட்கார்ந்து “க, ங, ச, ஞ” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்தில் அவன் இமைப்பான். பிறகு அந்த எழுத்தின் வரிசையைச் சொல்லுவாள். த, தா, தி, தீ. அதில் இன்னொரு இமைப்பு. ஓர் எழுத்து கிடைக்க இத்தனை பாடு. மதினிக்குப் பொறுமை கிடையாது என்று சொல்லமாட்டேன். அவளைப் போல அவனைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் அவளுக்குப் பதற்றம் உண்டு. முதல் எழுத்து விழுந்ததுமே சொல்லை முடித்துவிடுவாள். “தண்ணியா? தலை வலிக்கா? தலகாணிய மாத்தணுமா?” அவன் தந்தி என்று செய்தித்தாளைக் கேட்டிருப்பான். பாதி நாள் அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான். இனி பேச்சு வேண்டாம் என்று அர்த்தம்.

கண்ணால் எழுதும் கருவி ஒன்று இருப்பது தெரிந்ததும் நான் தேட ஆரம்பித்தேன். அண்ணனுக்குக் கை கால் நீவிவிட வருகிற பிசியோதெரபிஸ்ட் ஒரு குடும்பத்தைச் சொன்னார். செங்கோட்டையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். இதே நோயில் இறந்துபோன ஒருவர் வைத்திருந்த கருவி. அவருடைய மகள் அதை ஒரு துண்டில் பொதிந்து என் கையில் கொடுத்தாள். “அச்சன் போயி மோளே. இனி இது அலமாரியில இருந்து என்ன காரியம்? கொண்டு போய்க்கோ” என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான். தமிழ் எழுத்துகளோடு அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள் இணையத்தில் கிடைத்தது. ஆனால் அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். என் மடிக்கணினி அலுவலகத்துடையது, விண்டோஸ். அதை அழிக்க அனுமதி கிடையாது. வீட்டில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுப் பார்த்தேன். கருவி கேட்கிற வேகத்துக்கு அதன் யுஎஸ்பி ஈடுகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு வழிதான் இருந்தது. விண்டோஸுக்கு உள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல் லினக்ஸை ஓடவிடலாம். வர்ச்சுவல் மெஷின் என்போம். வேலைக்காக ஏற்கெனவே அப்படி ஒன்று வைத்திருந்தேன். ஆனால் வெளியிலிருந்து எதைச் சொருகினாலும் முதலில் அது விண்டோஸின் கைக்குத்தான் போகும். ‘இன்ன எண் உள்ள கருவி வந்தால் நீ தொடாதே, உள்ளே லினக்ஸுக்கு அனுப்பு’ என்று நாம் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தேன். கருவி உள்ளே போனது, விளக்கு எரிந்தது, அணைந்தது. லினக்ஸில் பார்த்தால் அப்படியொரு கருவி வந்ததற்கான சுவடு இருக்கும், கருவி இருக்காது.

வயரை மாற்றினேன். துளையை மாற்றினேன். அமைப்பில் இருந்த ஒவ்வொரு பெட்டியிலும் டிக் அடித்தேன், எடுத்தேன். தென்காசியில் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், “கரண்டு பத்தாம இருக்கும்மா, இத மாட்டிப் பாருங்க” என்று தனி மின்சாரம் தருகிற பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதை மாட்டினால் விளக்கு இன்னும் பளிச்சென்று எரிந்து அணைந்தது. இணையக் குழுக்களில் எழுதிக் கேட்டேன். “எனக்குச் சரியாக வேலை செய்கிறதே” என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

மதினி பண்பொழி திருமலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். “முருகனுக்குத் தெரியாத கம்ப்யூட்டரா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைவிட முருகனை நம்புவது நியாயம் என்றுதான் தோன்றியது.

ஒவ்வொரு தடவை சொருகும்போதும் மடிக்கணினி ஒரு மணிச்சத்தம் எழுப்பும். கருவி வந்தால் ஒரு விதம், போனால் ஒரு விதம். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணன் இமைகளைப் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டான். பாவம், நாள் முழுக்க இதையே கேட்டுச் சலித்துவிட்டான் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் மடிக்கணினியின் சத்தத்தை அடைத்துவிட்டேன். “இனி தொந்தரவு இருக்காதுண்ணே” என்றேன். அவன் கண்ணை மேலே தூக்கினான். இல்லை. எது இல்லை என்று எனக்குப் புரியவில்லை. வேலை அழைப்பு வந்துவிட்டதால் கேட்கவும் இல்லை.

மறுநாள் மதியம் மதினி அவனுக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருந்தாள். நான் மேசைக்கு அடியில் குனிந்து கருவியைச் சொருகிக்கொண்டிருந்தேன். அண்ணன் மதினியையே விடாமல் பார்த்தான். ஏதோ சொல்ல வேண்டும்.

“சொல்லுங்க, சொல்லுங்க” என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம...”

இமைத்தான்.

“ம, மா, மி, மீ, மு, மூ...”

இமைத்தான்.

“மூவா? மூச்சா? மூச்சு முட்டுதா?” மதினியின் குரல் உயர்ந்தது.

அவன் கண்ணை மேலே தூக்கினான். இல்லை என்கிறான். எங்கள் இருவருக்கும் அது தெரியும். ஆனால் மூச்சு என்ற சொல் வாயில் வந்துவிட்ட பிறகு மதினிக்கு எதுவும் தெரியவில்லை. “ஐயோ, கண்ணு சொருகுதே! ஏட்டி, இங்கன வா, கண்ணு சொருகுதுட்டி!”

நானும் ஓடினேன். நானும் அப்படியே நம்பினேன். அவன் மேலும் மேலும் கண்ணைத் தூக்கினான். தூக்கத் தூக்க எங்களுக்குப் பயம் கூடியது. அடுத்த வீட்டுக்காரரின் வண்டியில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் அவன் தலை என் மடியில் இருந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் அவன் என்னை முறைத்தான். அருவியில் ஓடிப்போகாமல் நிற்பவனை முறைக்கும் அதே பார்வை. அப்போதே எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தார்கள். உடனடி ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சின் வலுவை அளந்து பார்த்த மருத்துவர் முகம் கொடுக்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் சொன்னார்.

“நீங்க வந்தது நல்லதுதான். மூச்சுத் தசைகள் பலவீனமாகிட்டு வருது. இப்போதைக்கு முகமூடி மெஷின் போதும். ஆனா கழுத்தில ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணுமா வேண்டாமான்னு இப்பவே முடிவு பண்ணிக்கிறது நல்லது. வச்சா ரொம்ப நாள் இருக்கலாம். ஆனா மெஷினோடதான் இருக்கணும்.”

“வச்சிருங்க டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் மதினி.

“அவர்தான் சொல்லணும்மா.” அவர் அண்ணனின் முகத்துக்கு நேரே குனிந்தார். “குழாய் வைக்கலாமா? சரின்னா கண்ணை மூடித் திறங்க.”

அண்ணன் மூடவும் இல்லை, மேலே தூக்கவும் இல்லை. மருத்துவரைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். ஆமாம், இல்லை என்ற இரண்டுக்குள் அடங்காத எதையோ அவன் வைத்திருந்தான். அதைச் சொல்வதற்கு வேண்டியது எங்கள் வீட்டு மேசையில் விளக்கு அணைந்து கிடந்தது. மருத்துவர் நிமிர்ந்து, “அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டொரு நாள் நான் கருவியைத் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது. அதற்குள் இணையக் குழுவில் முகம் தெரியாத ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். சொருகியதும் கருவியின் எண் என்ன, விளக்கு அணைந்த பிறகு விண்டோஸில் தெரியும் எண் என்ன, இரண்டையும் இங்கே ஒட்டிக் காட்டுங்கள் என்று. ஒட்டுவதற்காக எடுத்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோதுதான் பார்த்தேன். கடைசி இலக்கங்கள் வேறு.

அந்தக் கருவி முதலில் ஓர் எண்ணோடு வந்து, தன்னைத் தயார்செய்துகொண்டு, ஒரு நொடி துண்டித்துக்கொண்டு, வேறொரு எண்ணோடு திரும்ப வருகிறது. நான் எழுதிவைத்தது முதல் எண்ணை மட்டும். இரண்டாவது எண்ணோடு வருவதை யாரோ புதியவர் என்று நினைத்து விண்டோஸ் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது எண்ணையும் எழுதிச் சேர்த்தேன். சொருகினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அணைந்துவிடும் என்பதுபோல் இருந்தது. கட்டிலுக்கு நேரே மேசையைத் தள்ளி, திரையை அவன் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அடைத்துவைத்த சத்தத்தைத் திறந்துவிட்டேன். திரையில் தோன்றும் புள்ளிகளை அவன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்தான். எழுத்துகள் வந்தன. மதினி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, ஈரக் கையோடு கட்டில் தலைமாட்டில் நின்றாள்.

அவன் கண் ம-வில் போய் நின்றது. பிறகு ஊகாரத்தில். மூ. மதினி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அடுத்த எழுத்துக்கு அவனுக்கு வெகுநேரம் ஆனது. கண் தடுமாறி வேறு எழுத்து விழுந்தது. அதை அழித்தான். கடைசியில் கணினி ஒரு பெண் குரலில் படித்தது.

“மூணு.”

“மூணா? என்ன மூணு?” என்றாள் மதினி.

அவன் எழுதிக்கொண்டே இருந்தான். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். “சத்தம் மூணு. வந்துட்டு. போயிட்டு. திரும்ப வந்துட்டு. அன்னைக்கே சொன்னேன்.”

கருவி வரும்போது ஒரு மணி, துண்டிக்கும்போது ஒரு மணி, திரும்ப வரும்போது ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் அவன் இமையடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் திரையையும் விளக்கையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தச் சத்தத்தையும் அடைத்துவிட்டு, தொந்தரவு இருக்காது என்று அவனிடமே சொன்னேன். மதினி சிரித்தாள், உடனே அழுதாள். அண்ணனின் முகம் அசையாது. அவன் சிரித்தானா, கோபப்பட்டானா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவன் நிறையப் பேசினான். உப்பு கூட என்றான். ஜன்னல் திரையை விலக்கு என்றான். மூக்கு அரிக்கு என்றான். பிறகு ஒரு சாயங்காலம், வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, “குழாய் போட்டா எத்தனை வருசம்” என்று கேட்டான்.

“தெரியலண்ணே. டாக்டருக்கும் சரியாத் தெரியாதாம்” என்றேன்.

“என்னைய யாரு பாத்துக்கிடுவா.”

“நான் பாத்துக்கிடுதேன். வேற யாரு?” என்றாள் மதினி.

“உனக்கு முதுகு வலி.”

அவனைத் தூக்கித் தூக்கி அவளுக்கு வந்த வலி அது. அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. மறைத்துப் பட்டை கட்டியிருந்தாள். அவன் கண்டிருக்கிறான். அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவன் மறுபடி எழுதினான். மிக நீளமாக எழுதினான். கணினி படித்தது. “வேண்டாம்னு சொல்ல பயமா இருக்கு. வேணும்னு சொல்லவும் பயமா இருக்கு.”

மருத்துவமனையில் ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவில் அவன் வைத்திருந்தது இதுதான். இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் அந்த விளக்கோடு மல்லுக்கு நின்றேன். நாள் முழுக்க யார் யாருக்கோ சொல்கிற “கவலைப்படாதீர்கள்” தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவன் காலைப் பிடித்துவிட்டேன். மதினி எழுந்து அறை விளக்கைப் போட்டாள்.

மருத்துவரிடம் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே மேசையில் வைத்துச் சொருகினேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட்டுக் கருவி அவன் பார்வையைத் தவறவிட்டது. ஜன்னல் திரையை மூடச் சொல்லி மறுபடி புள்ளிகளைப் பார்க்கவைத்தேன். வெளியே நோயாளிகள் கதவைத் தட்டினார்கள். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “மெதுவாச் செய்யட்டும்” என்றார். அந்தக் கருணைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

“குழாய் வேண்டாம். வீட்டுல இருக்கேன்” என்றது பெண் குரல்.

மருத்துவர் அண்ணனிடமே கேட்டார். “நல்லா யோசிச்சுட்டீங்களா?” அண்ணன் இமையை மூடித் திறந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மதினி அவனைப் படுக்கவைத்து, முகமூடியைப் பொருத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“நீ அத ஓட வைக்காமலே இருந்திருக்கலாம்ட்டி” என்றாள். “அவுக வாயத் தொறக்க முடியாமக் கிடந்திருந்தா, நான் சரின்னு சொல்லிக் குழாயப் போட்டிருப்பேன். மனுசன் கண்ணு முன்னால கிடந்திருப்பாருல்லா.”

அவள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சரி என்றும் தோன்றவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கொஞ்ச நாள் அவள் அவனோடு பேச மறுத்தாள். குளிப்பாட்டினாள், கஞ்சி கொடுத்தாள், முதுகில் பவுடர் போட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அவன் “சாப்ட்டியா” என்று கணினியைப் பேசவைத்தால், “அந்தப் பொம்பள குரல்ல என்கிட்டப் பேசாதிய” என்று மட்டும் சொல்வாள். பிறகு ஒருநாள் அவளே, “இந்தக் குரல அடைச்சுப் போடு” என்றாள். அடைத்தேன். நாற்காலியை இழுத்துத் திரைப்பக்கம் போட்டுக்கொண்டாள். அவன் எழுத எழுத அவளே வாய்விட்டுப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து காத்திருந்து, சொல் முழுதாக விழுந்த பிறகுதான் படிக்கிறாள். “தலையத் தூக்கி வை” என்று அவளே படித்து, அவளே தூக்கி வைப்பாள். அப்படித்தான் இப்போது எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது.

இந்த வருடமும் சாரல் தொடங்கிவிட்டது. முகமூடியில்லாமல் அவனால் இருக்க முடிகிற நேரம் குறைந்துகொண்டு வருகிறது. கருவியும் என்னைச் சும்மா விடுவதில்லை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் எழுதிவைத்தவற்றில் ஏதாவது ஒன்றை மறந்துவிடுகிறது. விளக்கு அணையும். நான் மறுபடி மேசைக்கு அடியில் குனிவேன்.

நேற்று மத்தியானம் அவன் மதினிக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். “ஏட்டி, நீ” என்று அவள் படித்தாள். அதோடு விளக்கு அணைந்தது.

“இருங்க, அவ பாக்குதா” என்று மதினி என்னைக் காட்டி அவனிடம் சொன்னாள். நான் வயரைப் பிடுங்கினேன், லினக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன், எண்களைச் சரிபார்த்தேன். விளக்கு நின்று எரியும்வரை அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவன் எழுதியது அழியாமல் திரையில் திரும்பி வந்தது.

“ஏட்டி நீன்னு நிக்கு. மேல சொல்லுங்க” என்றாள்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானா, சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டானா தெரியவில்லை. மதினி திரையில் நின்ற அந்த இரண்டு சொற்களை அழிக்க வேண்டாம் என்று என்னிடம் சைகை காட்டிவிட்டு, அவன் கன்னத்தில் அழுந்தியிருந்த முகமூடியின் பட்டையை மெல்லக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.